ஐஸா, வெந்நீர் ஒத்தடமா, நீவிவிடுவதா: தசைக்கு ஒரு கணக்கு, தசைநாணுக்கு வேறு கணக்கு

வலிக்கிற இடத்தில் ஐஸ் வைப்பதா, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதா, இல்லை எண்ணெய் போட்டு நீவிவிடுவதா என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: வலிப்பது சதையா, அந்தச் சதையை எலும்போடு கட்டியிருக்கும் கயிறா? பேச்சில் நாம் இரண்டையும் சேர்த்து "நரம்பு இழுத்துக்கொண்டது" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அங்கே இழுத்துக்கொண்டது நரம்பே இல்லை.

ஒரு நிமிடத்தில் பிரித்துப் பார்த்துவிடலாம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கி மறு தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். கெண்டைக்காலைக் கையால் கவ்விப் பிடித்து, மெல்ல குதிகாலை நோக்கி வழித்துக்கொண்டே வாருங்கள். மேலே கை நிறையும் சதை பாதி வழியில் தட்டையாகி, கணுக்காலுக்கு மேலே விரல் கனத்தில் ஒரு கயிறாக இறுகிவிடும், அதை இரண்டு விரலால் பக்கவாட்டில் பிடிக்கலாம். மேலே இருந்தது தசை, விரலில் சிக்கியது தசைநாண். (எலும்பையும் எலும்பையும் கட்டும் தசைநார் வேறு, கணுக்கால் பிசகும்போது கிழிவது அது.) தசையில் வலி என்றால் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருக்கும், எங்கே என்று கேட்டால் கையை வைத்துத் தேய்த்துக் காட்டுவோம். தசைநாண் வலியை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டலாம். அது மூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும், காலையில் எழுந்து முதல் பத்து எட்டு வைப்பதற்குள் உயிரை எடுக்கும், நடக்க நடக்கச் சரியாகிவிட்ட மாதிரி நடிக்கும், மறுநாள் காலை திரும்ப வந்து நிற்கும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் நான் நான்கு மாதம் வீணாக்கினேன். ஓடுகிற பழக்கம் உண்டு, குதிகாலுக்கு மேலே அந்தக் கயிற்றில் வலி. தினமும் ஓடிவிட்டு ஐஸ் வைப்பேன், வலி அடங்கும், மறுநாள் அதே வலி. அடுத்து என்ன? இன்னும் கொஞ்ச நேரம் ஐஸ்.

தசையில் ரத்தம் ஏராளம், அது சிவப்பு. தசைநாண் வெளுப்பு, பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார்கள், ரத்தக் குழாய்கள் குறைவு, செல்களும் குறைவு. அணுகுண்டுச் சோதனைகளால் 1950-60களில் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறியது அல்லவா, அந்தத் தடத்தை வைத்து டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் மனிதர்களின் குதிகால் தசைநாணைச் சோதித்தார்கள். அதன் உள்மையம் ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகி, அதற்குப் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. தசை அப்படியில்லை, அது இடைவிடாமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். ஒரே ஐஸ் பையை வைத்துக்கொண்டு இந்த இரண்டிடமும் ஒரே பலனை எதிர்பார்ப்பது எப்படி?

ஐஸ்: வலியைக் குறைக்கும், அவ்வளவுதான்

குளிர் பட்டதும் தோலடி ரத்தக் குழாய்கள் சுருங்கும், நரம்பில் சமிக்ஞை போகும் வேகம் குறையும். தோலின் வெப்பநிலை 10 முதல் 13 டிகிரி வரை இறங்கினால் அந்த இடம் மரத்துப் போய் வலி தெரியாது. ஐஸின் உருப்படியான பலன் இதுதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை, அடிபட்ட முதல் இரவில் தூங்க முடிவது பெரிய விஷயம். ஆனால் குளிர் உள்ளே இறங்குவது நாம் நினைப்பதைவிட மெதுவாக நடக்கும். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு கம்பளி மாதிரி. தொடையில் ஐஸ் வைத்து, கொழுப்புக்கு 1 செ.மீ. கீழே தசை 7 டிகிரி குளிர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தபோது, தோல்மடிப்பு மெல்லியவர்களுக்கு சுமார் 8 நிமிடம், தடித்தவர்களுக்கு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அதனால் "எல்லோருக்கும் 20 நிமிடம்" என்பது விஞ்ஞானத்தைவிட வசதிக்காகச் சொல்லப்படுவதுதான். அதற்காக ஒரு மணி நேரம் வைக்காதீர்கள், தசை குளிர்வதற்குள் தோல் புண்ணாகிவிடும்.

வைக்கும் விதம் இது. பிளாஸ்டிக் பையில் ஐஸ் துண்டுகளைப் போட்டு, கூடவே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, காற்றைப் பிதுக்கி எடுத்துக் கட்டுங்கள். தண்ணீர் இருந்தால் பை உடம்பின் வளைவோடு ஒட்டி உட்காரும். அடியில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி ஒன்று. உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் எவ்வளவு நேரமானாலும் 0 டிகிரிக்குக் கீழே போகாது, ஆனால் ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஜெல் பேக் மைனஸ் 18 வரை இருக்கும். தொட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அங்கேதான் பலர் தோலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஜெல் பேக்தான் இருக்கிறது என்றால் தடிமனான துணியில் சுற்றுங்கள். முதலில் சில்லென்று இருக்கும், பிறகு எரியும், அப்புறம் ஒரு கடுகடுப்பு, கடைசியில் மரத்துப் போகும். மரத்ததும் எடுத்துவிடுங்கள், 10 முதல் 15 நிமிடம் ஆகியிருக்கும். தோல் சிவந்திருந்தால் சரி, மெழுகு மாதிரி வெளுத்திருந்தால் அதிகமாகிவிட்டது. திரும்ப வைக்க வேண்டுமானால் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டு.

முழங்காலுக்கு வெளிப்புறம் கொஞ்சம் கீழே துருத்தி நிற்கும் எலும்பு, முழங்கையின் உள்பக்கக் குழி, இந்த இரண்டு இடத்திலும் நரம்பு தோலுக்கு ஒட்டியே ஓடுகிறது. அங்கே ஐஸைக் கட்டி இறுக்கிவிட்டுப் படுத்தால் காலோ கையோ சில நாள் சொன்னபடி கேட்காமல் போகலாம். குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து நீலமாகிறவர்கள், தடிப்பு வருகிறவர்கள், நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவர்கள் ஐஸ் பக்கமே போக வேண்டாம்.

அடிபட்டதும் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நாலு அம்ச விதியை 1978-இல் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பல வருடம் கழித்து அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் பேச்சை மாற்றிக்கொண்டார். காரணம் எளிது: நாம் பயப்படும் அந்த வீக்கமும் அழற்சியும்தான் சேதமானதைக் கூட்டித் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டும் வேலையைத் தொடங்கி வைக்கின்றன. என் கணக்கு என்னவென்றால், புதுக் காயத்துக்கு முதல் ஒன்றிரண்டு நாள், வலி தாங்கவில்லை என்றால் மட்டும் ஐஸ். வலி தாங்குகிற அளவில் இருந்தால் கட்டுப் போட்டுக் காலை உயர்த்தி வைத்தாலே போதும்.

உடற்பயிற்சிக்குப் பிறகு ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எடைப்பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு முறையும் 10 டிகிரித் தண்ணீரில் 10 நிமிடம் உட்கார்ந்தவர்களையும், அதற்குப் பதில் மெதுவாக சைக்கிள் மிதித்தவர்களையும் 12 வாரம் ஒப்பிட்டு 2015-இல் வெளிவந்த ஆய்வில், தண்ணீரில் உட்கார்ந்தவர்களுக்குத் தசை வளர்ச்சியும் பலமும் குறைவாகவே கூடின. நாளைக்கே அடுத்த போட்டி இருக்கிறது, வலி குறைந்தால் போதும் என்றால் இறங்கலாம். உடம்பைத் தேற்றத்தான் பயிற்சி என்றால் ஏன் அதைத் தண்ணீரில் கரைக்க வேண்டும்? விளையாடப் போவதற்குச் சற்று முன்னும் ஐஸ் வேண்டாம், குளிர்ந்த தசை மெதுவாகச் சுருங்கும், வலி சொல்லும் எச்சரிக்கையும் காதில் விழாது.

வெந்நீர் ஒத்தடம்

சூடு இதற்கு நேர் எதிர். ரத்தக் குழாய்கள் விரியும், இறுகிக் கிடக்கும் தசை தளரும், கொலாஜன் சற்று இளகும். கழுத்தைத் திருப்ப முடியாத பிடிப்பு, உட்கார்ந்தே வேலை பார்த்து முறுக்கேறிய இடுப்பு, காலை நேர விறைப்பு, இவற்றுக்கெல்லாம் ஐஸைவிடச் சூடுதான் பொருத்தம். இதுவும் ஆழத்துக்குப் போவதில்லை, ஒத்தடப் பையின் சூடு 1, 2 செ.மீ.க்கு மேல் இறங்கினால் அதிகம். இடுப்பின் தடித்த தசைக்கு அது எங்கே எட்டும்? இருந்தும் இதமாக இருப்பதற்குக் காரணம், தோலில் இருக்கும் சூட்டை உணரும் நரம்புகள் முதுகுத்தண்டு வழியாக வலிச் செய்தியை அடக்கிவைப்பதுதான். ஆழத்தில் இருக்கும் தசையை உண்மையிலேயே சூடாக்க வேண்டுமானால் அதற்கு வேலை கொடுங்கள், வேகமாக 10 நிமிடம் நடந்தாலே தசை தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

பை தோலைத் தொடும் இடத்தில் 40 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும், 45-ஐத் தாண்டக் கூடாது. முன்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சுகமாக இருக்க வேண்டும், சுருக்கென்று இழுத்துக்கொண்டால் இன்னொரு மடிப்புத் துணி. 15 முதல் 20 நிமிடம். பையைத் தசையின்மேல் வையுங்கள், தசையைப் பையின்மேல் வைக்காதீர்கள், அதாவது அதன்மேல் படுக்க வேண்டாம், உடம்பின் எடை தோலை அழுத்தி ரத்தம் சூட்டை எடுத்துப் போக விடாமல் செய்துவிடும். நான் ஒரு இரவு வெந்நீர்ப் பையைக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிப் போனேன். காலையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கொப்புளம். தூங்கும்போது பை அப்படியொன்றும் சுடவில்லை என்பதுதான் விஷயமே: 60 டிகிரி சில விநாடிகளில் சுட்டுவிடும், 44 டிகிரிக்குச் சில மணி நேரம் தேவை, ஆனால் அதுவும் சுடும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் மிதமான சூடு வைப்பவர்களுக்குத் தோலில் வலை பின்னிய மாதிரி பழுப்புத் தடம் விழும்.

புதிதாக வீங்கியிருக்கும் இடத்தில் முதல் 48 மணி நேரம் சூடு வேண்டாம், உள்ளே ரத்தக் கசிவு இருந்தால் அது கூடும். தைலங்களைப் பற்றி: மென்தால் குளிரை உணரும் நரம்பு முனையைத் தட்டிவிடுகிறது, மிளகாயின் காரப்பொருள் சூட்டை உணரும் முனையைத் தட்டிவிடுகிறது, தசையின் வெப்பநிலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஏமாற்று வேலைதான், ஆனால் நல்ல ஏமாற்று. அதைத் தடவிய கையோடு மேலே சூட்டுப் பையை மட்டும் வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். சூடும் குளிரும் மாற்றி மாற்றி வைத்தால் ரத்தம் பம்ப் மாதிரி அடிக்கும் என்பார்கள். அளந்து பார்த்தால் தசைக்குள் வெப்பநிலை அசைவதே இல்லை. பிடித்திருந்தால் செய்யுங்கள்.

நீவிவிடுவது

பயிற்சியில் தசையில் தேங்கும் லாக்டிக் அமிலம்தான் மறுநாள் வலிக்குக் காரணம், நீவினால் அது வெளியேறிவிடும் என்பார்கள், முதலில் அந்தக் கதையை முடித்துவிடலாம். பயிற்சிக்குப் பின் ஏறிய லாக்டேட் (அந்த அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்) யாரும் தொடாமலே ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை அலறுவது அதனால் இல்லை. பழக்கமில்லாத வேலையில், அதிலும் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது, நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும்தான் காரணம், அந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே அடங்கும். 2012-இல் 11 இளைஞர்களைக் களைத்துப் போகும்வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலை மட்டும் 10 நிமிடம் நீவிவிட்டு, இரண்டு காலிலிருந்தும் துளித்துளி தசை எடுத்துச் சோதித்தார்கள். லாக்டேட்டில் வித்தியாசமே இல்லை, ஆனால் நீவிவிட்ட காலில் அழற்சிச் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. ஆக மசாஜ் ஏதோ செய்கிறது, நாம் சொல்லிக்கொண்டிருந்த காரணம்தான் தப்பு.

கெண்டைக்காலை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். முழங்காலை மடித்து உட்காருங்கள், மடித்தால்தான் சதை தொங்கித் தளரும். கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, முதல் இரண்டு நிமிடம் அழுத்தமே இல்லாமல் உள்ளங்கையால் கணுக்காலிலிருந்து முழங்கால் பக்கமாக நீவுங்கள். பிறகு இரண்டு கட்டைவிரலையும் சதையின் நடுக்கோட்டில் வைத்து, நத்தை வேகத்தில், வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே மேலே ஏறுங்கள். எங்கேயாவது கயிறு திரித்த மாதிரி ஒரு முடிச்சு தட்டுப்படும், அதைத் தேய்த்துக் கரைக்கப் பார்க்காதீர்கள், மேலே விரலை வைத்து 20, 30 விநாடி அப்படியே அழுத்திப் பிடியுங்கள், அடியில் அது மெல்ல இளகுவது விரலுக்குத் தெரியும். வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டால் ஐந்து, ஆறுக்குள் இருக்க வேண்டும். இதைவிட நல்ல அளவுகோல் மூச்சு. பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டீர்கள் என்றால் அழுத்தம் அதிகம், தசை உங்களோடு சண்டை போடத் தொடங்கிவிட்டது. ஒரு தசைக்கு 5 முதல் 10 நிமிடம் தாராளம். தசைக்கு அடியில் வைத்து உருட்டும் ஃபோம் ரோலர் என்ற உருளையும் இதே ரகம்தான், உருட்டி முடித்ததும் காலோ கையோ கூடுதலாக வளையும், 10, 20 நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும். பயிற்சிக்கு முன் செய்ய நல்லது, "தசையையே நீட்டிவிட்டேன்" என்று நம்ப வேண்டாம்.

தசைநாண் விஷயத்தில் நான் பட்டது இது. வலித்தால்தான் வேலை செய்கிறது என்று சொன்ன ஒருவரிடம் என் குதிகால் தசைநாணைக் கொடுத்தேன், அவர் அந்தக் கயிற்றையே கட்டைவிரலால் குறுக்கே அரைமணி நேரம் அரைத்தார். அடுத்த இரண்டு வாரம் நொண்டினேன். தசைநாணைக் குறுக்கே தேய்க்கும் முறையைப் பரப்பியவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், இன்றும் சில பிசியோதெரபிஸ்ட்கள் செய்கிறார்கள், ஆனால் அதற்கான ஆதாரம் மெலிந்தது. என் யோசனை, கயிற்றை விட்டுவிட்டு அதன் மேலே இருக்கும் சதையை நீவுங்கள், இழுவை குறைந்து கயிறு கொஞ்சம் ஆசுவாசப்படும்.

எங்கெல்லாம் கை வைக்கக் கூடாது என்பது இதைவிட முக்கியம். தொடையில் பலமாக அடிபட்டு ரத்தம் கட்டியிருந்தால் முதல் சில நாள் நீவவும் கூடாது, சூடும் கூடாது, அந்த ரத்தக்கட்டுக்குள் எலும்பு முளைக்கும் ஆபத்து கூடும், நம்பாமல் சிரித்தவன்தான் நானும், ஆனால் உண்மை. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டாலே வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், நீவினால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு அழுத்தி நீவ வேண்டாம். கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

தசைநாணுக்கு என்னதான் செய்வது

பாரம். நாள்பட்ட தசைநாண் வலி பெரும்பாலும் அழற்சியைவிட, நார்கள் குலைந்து அடுக்கு கலைந்து போனதால் வருவது, அதனால் அழற்சியை அடக்கும் சிகிச்சைகள் சும்மா சுற்றிச் சுற்றி வருகின்றன. தசைநாணின் செல்களுக்கு, நார்களை இந்தத் திசையில் அடுக்கு என்று சொல்லும் சமிக்ஞை இழுவைதான். ஸ்வீடனைச் சேர்ந்த ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறை இன்றும் அடிப்படையாக இருக்கிறது. படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி நில்லுங்கள், இரண்டு காலாலும் எம்பி, நல்ல காலை எடுத்துவிட்டு, வலிக்கிற காலால் மட்டும் குதிகாலை மெல்ல, மூன்று எண்ணும் நேரத்தில், படிக்குக் கீழே இறக்குங்கள். ஏறுவதற்கு மறுபடி நல்ல கால். இப்படி 15 தடவை, 3 சுற்று முழங்காலை நீட்டி, 3 சுற்று லேசாக மடித்து, காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, 12 வாரம். ஒரு நாளைக்கு 180 தடவை ஆகிறது, ஆமாம், சலிப்பாகத்தான் இருக்கும். முதல் நாளே அத்தனையும் வேண்டாம், பாதியில் தொடங்கிக் கூட்டுங்கள். செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம், தீர்ப்பு மறுநாள் காலையில்: எழுந்ததும் விறைப்பு நேற்றையதைவிட அதிகமென்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அதே அளவென்றால் தொடருங்கள். வலி குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே இருந்தால் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்யுங்கள், கீழே இறக்கினால் தசைநாண் எலும்பில் நசுங்கும்.

சூடும் ஐஸும் நீவலும் இதைச் சுற்றித்தான் உட்கார வேண்டும். நான் காலையில் 10 நிமிடம் கெண்டைக்கால் சதைக்குச் சூடு வைத்து, இரண்டு நிமிடம் நீவிவிட்டு, படிக்குப் போவேன், எப்போதாவது அதிகமாகச் செய்துவிட்டு விண்விண் என்று தெறித்தால் அன்று இரவு மட்டும் ஐஸ். வலி முதலில் குறைந்தது ஏழாவது வாரத்தில், அதுவரை ஒன்றும் நடக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலில் யாரோ உதைத்த மாதிரி "டப்" என்று சத்தம் கேட்டு, அதன் பிறகு ஒற்றைக் காலில் எம்ப முடியவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள். கடும் பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, சிறுநீர் கரும்பழுப்பாகப் போனாலும் அப்படியே, அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். இன்னொன்று: சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருக்கும்போதோ நிறுத்திய சில மாதங்களுக்குள்ளோ தசைநாண் வலி வந்தால் படி ஏறுவதையும் நீவுவதையும் நிறுத்திவிட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தவரிடம் உடனே சொல்லுங்கள், அந்த மருந்துகளுக்குத் தசைநாணை அறுக்கும் குணம் உண்டு.